பீமனும் நீல மருந்தும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, ஆண்டுவிழா நாடகத்தில் பீமன் வேடம் எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் என் நடிப்பு அல்ல, என் கன்னம்.

அதற்கு முந்தைய வருடம்வரை நான் இழுப்புக்காரன். மார்கழி பிறந்தால் என் நெஞ்சில் ஆர்மோனியம் கேட்கும். டாக்டர் சின்ன வெள்ளை மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார். இழுப்பு காணாமல் போனது. அதிசயத்தை நிறுத்த யாருக்கு மனம் வரும்? வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் கிளார்க்காக இருந்த அப்பா, சில நாளைக்கு மட்டும் எழுதிய அந்தச் சீட்டையே காட்டி மாதக்கணக்கில் வாங்கி வந்தார்.

எனக்குப் பசி பிறந்தது. அக்காவின் தட்டு இட்லியும் என்னுடையதாயிற்று. முகம் உருண்டது, தொப்பை முன்னே வந்தது. பௌர்ணமிக்கு வந்த சொந்தக்காரர்கள் மலையைச் சுற்றுவதற்கு முன் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத்தான் போனார்கள். கை கால் மட்டும் பழைய குச்சியாகவே இருந்ததை அக்கா ஒருத்திதான் கவனித்தாள். "பூசணிக்காயில நாலு ஊதுவத்தி சொருகினாப்ல இருக்கடா."

தமிழ் வாத்தியாருக்குப் பூசணிக்காய் போதுமானதாக இருந்தது. "டேய், நீதாண்டா பீமன்!" அன்று பள்ளியிலிருந்து வீடுவரை நிற்காமல் ஓடினேன். மூச்சு இழுக்கவே இல்லை.

பிறகு தாகம் வந்தது, குடம் குடமாக. ஒரு நாள் நான் போய்விட்டு வந்த பாத்ரூமில் எறும்பு வரிசை கட்டியிருப்பதை அம்மா பார்த்தாள். டாக்டரிடம் ஓடினோம்.

"யாரு சார் இத்தனை மாசம் குடுக்கச் சொன்னது?" என்றார் டாக்டர். "இந்த ஸ்டீராய்டு, கொழுப்பை மூஞ்சிலயும் வயித்துலயும் கொண்டுபோய்ச் சேர்க்கும். இன்சுலின் எவ்ளோ சுரந்தாலும் உடம்பு கேக்காது, சர்க்கரை ஏறிடும். டக்குனு நிறுத்தவும் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கலாம். சர்க்கரை எறங்குதானு தெனமும் நீல மருந்துல யூரினைக் காய்ச்சிப் பாருங்க."

ஆபீசில் ஊருக்கே விதி சொல்லும் அப்பா, அந்தப் பழைய சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். எனக்கு விளங்கியது ஒன்றுதான்: கன்னம் போய்விடும், கூடவே பீமனும்.

மறுநாள் காலை அப்பா பின்கட்டில் ஸ்பிரிட் விளக்கும் சோதனைக்குழாயுமாக உட்கார்ந்தார். நீல மருந்தில் என் சிறுநீரைச் சில சொட்டு விட்டுக் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் கொதித்தது! மலையில் மகாதீபம் ஏற்றும்போதுகூட நான் அப்படிக் கத்தியதில்லை. "செவப்புப்பா! செவப்பு!" சிவப்பு என்றால் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பீம பலம் ஜாஸ்தியானால் நிறமும் ஜாஸ்தியாகும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். விளக்கின் சூடு என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் சர்க்கரை டப்பா காலி. "ரேஷன்ல வரலடா" என்றாள் அம்மா. வெல்லமும் வரவில்லையாம். வீட்டில் எல்லோருக்கும் கசப்புக் காபிதான். அக்காவின் பிறந்தநாள் சுண்டலோடு முடிந்தது. எதற்கெடுத்தாலும் சண்டை போடும் அக்கா, ஏனோ அன்று இரண்டாம் முறையும் சுண்டல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மாத்திரை பாதியாகி, கால் ஆயிற்று. குழாயில் செங்கல் மஞ்சளாகி, மஞ்சள் பச்சையானது. "வா செவப்பு, வா!" என்று தினமும் விளக்கருகே சாமியாடினேன். கன்னம் வற்றிக்கொண்டே போனது. ஒத்திகையில் வாத்தியார் என் தாடையைத் திருப்பிப் பார்த்தார். "இன்னாடா, அதுக்குள்ள வனவாசம் போயிட்டு வந்துட்டியா?" பீமன் பக்கத்து பெஞ்சுக்குப் போனான். எனக்குச் சகாதேவன். வசனம் கிடையாது.

கடைசியில் ஒரு காலை, நீலம் கொதித்து நீலமாகவே நின்றது. தோற்றுவிட்டேன் என்று நான் அழுதேன். அம்மாவும் அழுதாள். பீமன் போன துக்கம் அவளுக்கும் இருக்கிறதே என்று ஆறுதலாக இருந்தது.

அதற்குப் பிறகும் நீலம் மாறாமல் ஒரு வாரம் ஓடியது. அன்று அம்மா காபி கலந்து கொடுத்தாள். அப்பா ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார்.

"இன்னாடி இது, சர்க்கரை இவ்ளோ ஜாஸ்தி?"

"எப்பவும் போடறதுதாங்க."

அக்கா தன் டம்ளரின் அடியை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தாள். ஒருவழியாக ரேஷனில் சர்க்கரை வந்துவிட்டது என்று நினைத்தேன். கடைக்காரர் எங்கள் வீட்டுச் சோதனைக்குழாயைப் பார்த்துத்தான் எடை போடுகிறார் என்பது எனக்கு அப்போது தெரியாது.