கேதீஸ்வரியின் இரண்டு கிட்டார்கள்

கேதீஸ்வரிக்குச் சின்னக் கை. விரல்களை முழுக்க விரித்தாலும் என் சாணில் முக்கால்தான் வரும். இறால் உரிக்க, அரிசி புடைக்க, தகப்பனைத் தூக்கி இருத்த அந்தக் கை போதும். கிட்டாருக்குத்தான் போதவில்லை.

அவளுடைய தகப்பன் யோகராசாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகுதான் பழுகாமத்தில் அந்த வீட்டுக்கு நான் போகத் தொடங்கினேன். வீட்டில் கிடக்கும் நோயாளிகளைப் பார்ப்பதற்குப் பயிற்சி எடுத்தவள் நான். காலையில் போய் அவரைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, கைகால்களை மடக்கி நீட்டிவிட்டு வருவேன். தாய் இறந்துவிட்டாள். அண்ணன் திவாகரன் குவைத்தில்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. தங்கச்சிக்கு வீடு கட்டிக் கொடுத்த பிறகுதான் அண்ணன்மார் தங்கள் கலியாணத்தைப் பற்றி வாய் திறப்பார்கள். திவாகரனுக்கு நாற்பது நெருங்குகிறது, இன்னும் தனியன். வீடு எழும்பிவிட்டது. அதன் நடு அறைச் சுவரில் அவன் அனுப்பிய கிட்டார் தொங்கியது. நைலோன் தந்தி போட்ட, முழு அளவான புல் சைஸ் கிட்டார். வயற்காரர்கூட வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கேதீஸ்வரி நகரத்தில் பறங்கி இனத்து மாஸ்டர் ஒருவரிடம் கிட்டார் படித்தாள். அடுத்த சோதனையில் தேறினால் ஒரு பாலர் பாடசாலையில் சங்கீத ரீச்சர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவள் சம்பளம் எடுக்கத் தொடங்கினால் அண்ணன் குவைத்தை விட்டு வரலாம். அவள் வாசித்தது அதற்குத்தான்.

ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பையை இடக்கையால் எடுக்கப் போனவள் முகத்தைச் சுளித்து வலக்கைக்கு மாற்றினாள்.

"என்ன புள்ள, மணிக்கட்டு நோகுதா?"

"கொஞ்சம் பிடிச்சிருக்கு மாமி. எண்ணெய் பூசினாச் சரி."

"எண்ணெயைப் பாரைமீன் பொரிக்க வை. அந்தச் சாமானை எடுத்து வாசி, பாப்பம்."

வாசித்தாள். கிட்டார்க் கழுத்தின் நுனிக்கு எட்டுவதற்காக மணிக்கட்டைக் கொக்கிபோல மடித்தாள். பெருவிரல் நடுங்கியது. நோயாளியைப் பிழையாகத் தூக்கித் தூக்கி முதுகு போனவர்களைக் கண்டிருக்கிறேன். இதுவும் அந்த வகைதான்.

இருவரும் பஸ் ஏறி நகரத்துக்குப் போனோம். கிட்டார்க் கடைக்கார றிஸான் உயரத்தில் மாட்டியிருந்த சின்னக் கிட்டார்களை இறக்க யோசித்தான்.

"அது சின்னப் புள்ளையள்ட சாமான் அம்மா. தங்கச்சிக்குப் புல் சைஸ்தான். பழகப் பழகக் கை விரியும்."

"முப்பத்தொரு வயசுக் கை இனி எங்க விரியிற தம்பி? எறக்குங்க."

அவன் சிரித்துக்கொண்டு இறக்கினான். அவளை இருத்தி, தடித்த தந்தியில் முதல் கட்டத்தில் சுட்டுவிரலையும் நாலாவது கட்டத்தில் சின்னவிரலையும் வைக்கச் சொன்னேன். மணிக்கட்டு நேராக நிற்கிறதா என்று மட்டும் பார்த்தேன். அரைச் சைஸில் கை நேராக நின்றது, ஆனால் விரல்கள் ஒன்றையொன்று மிதித்தன. தந்தி தொளதொளவென்று கிடந்தது. முக்கால் சைஸில் எல்லாம் சரி. கழுத்தும் ஒடுக்கம். அவள் ஒரு பாட்டைக் கடைசிவரை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நோகல்ல மாமி."

"இறுக்கமான தந்தி போட்டுத் தாறன், சத்தமும் நல்லா வரும்" என்றான் றிஸான். அவனும் விளங்கிக்கொண்டான்.

வாங்கி வந்த அந்தக் கிட்டாரோடு கை தேறி வந்தது. பறங்கி மாஸ்டரும் சோதனைக்கு அதையே கொண்டுவரச் சொன்னார்.

வைகாசியில், வருசச் சடங்குக்குக் கண்ணகையம்மன் கோயில் கதவு திறக்கும் நேரம் திவாகரன் லீவில் வந்தான். அன்று காலை நான் போனபோது சுவரில் பெரியது தொங்கியது. சின்னது கட்டிலுக்குக் கீழே, அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடந்தது.

"ஏன் புள்ள ஒளிச்சி வச்சிருக்காய்?"

"அண்ணன் ஆசையா அனுப்பினது. அது பிழையெண்டு எப்பிடி மூஞ்சியப் பாத்துச் சொல்ற?"

திவாகரன் நல்ல பொடியன். சொந்தக்காரர் யார் வந்தாலும் கதிரை போட்டு இருத்தி, "தங்கச்சி, மாமாக்கு ஒண்டு வாசி" என்பான். அவள் பெரியதை எடுத்து வாசிப்பாள். மாமா போனால் மச்சாள் வருவாள். எனக்குப் பொறுக்கவில்லை. தகப்பனைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்.

"தம்பி, இந்தக் கிட்டார் இவளுக்குப் பெரிசு. கை கெட்டுப்போகும்."

அவன் தங்கச்சியைப் பார்த்தான். "பெரிசா? உண்மையாவா?"

"இல்லண்ணா. மாமி எல்லாத்துக்கும் பயப்பிடுவா. எனக்கு இது அளவாக் காணும்."

"நான் சொன்னன்தானே? கடையில இருந்ததில பெரிசு இதுதான். என்ட தங்கச்சிக்குக் குறைஞ்சதா எடுப்பனா?"

கட்டிலில் யோகராசா ஏதோ முனகினார். அவருக்கும் பெருமைதான்.

லீவு முடிந்து போகும்போது அவன் வாசலில் நின்று, "சோதினையப் பாஸ் பண்ணு. இந்த ஒப்பந்தத்தோட வந்திடுறன்" என்றான். அவள் தலையாட்டினாள். இடக்கையைச் சேலைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்தாள்.

சோதனைக்குச் சின்னதைத்தான் கொண்டுபோனாள். முதல் பாட்டின் நடுவில், ஒரு விரலால் எல்லாத் தந்தியையும் அமத்திப் பிடிக்கிற இடத்தில், கை இறுகி நின்றுவிட்டது. சோதிக்க வந்தவர் நல்ல மனிதர், தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னாராம். குடித்தாள். கை திறக்கவில்லை. பெருவிரல் பக்கத்துத் தசைநாண் வீங்கிப்போய்விட்டதென்றும் இனிப் பாரமாக எதற்கும் அந்தக் கையை வைக்கக்கூடாதென்றும் டொக்டர் சொன்னார். பாலர் பாடசாலை வேறு ஆளை எடுத்தது. திவாகரன் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தான். தங்கச்சி ஏன் தேறவில்லை என்று இன்னும் அவனுக்குத் தெரியாது. பயத்தில் பிழைவிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.

பெரிய கிட்டார் சுவரில்தான் தொங்குகிறது. நேற்றுக் காலை நான் போனபோது சின்னதை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள், கையில் கட்டு.

"மாமி, இதவிடச் சின்னனும் விக்கிறாங்கதானே? அண்டைக்குப் பாத்தமே?"

"விக்கிறாங்க. உன்ட கைக்கு இப்ப அதுவும் பெரிசுதான். அத வச்சிட்டு வா, அப்பாவப் புரட்டுவம்."

வந்தாள். ஒரு கையால் பிடித்தாள்.