வியட்நாம் கடையில் மேசை பார்த்தது

மேசைக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவனுக்குக் கால் பலமாக இருக்க வேண்டும், வாய் அடக்கமாக இருக்க வேண்டும். எனக்குக் காலில் வாதம். வாயைப் பற்றி ஊரில் கேளுங்கள்.

சாப்பாட்டுக் கடையில் நின்று மாய்கிறவர்களே, உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். இருந்து சாப்பிடுகிறவர்கள் வாசித்தால் வாசிக்கட்டும்.

நான் முப்பது வருடம் பஸ் கொண்டக்டர். வயது எழுபத்தொன்று. போன வருடம் வரை வீட்டில் தனி ஆள். மகன் அன்ரன் பிரான்சில், பரிஸ் நகரத்தில் பதினெட்டு வருடம் ஒரு வியட்நாம் கடையின் குசினியில் நின்றவன். கோப்பை கழுவத் தொடங்கி, கடைசியில் சமையலுக்கே பொறுப்பானவன். போன வருடம் வந்து மன்னாரில் அதே மாதிரி ஒரு கடை திறந்தான். கண்ணாடிச் சுவர், ஏசி, கறுப்பு மேசை, மடித்து வைத்த வெள்ளைத் துணி. குசினியில் உதவிக்கு றீற்றா. மேசைக்கு நான்.

மருமகளும் பேத்தியும் இன்னும் பரிசில். புருசனும் மனிசியும் பேசி முடிவெடுத்தது இதுதான்: உயிர்த்த ஞாயிறுக்குள் கடை ஓடத் தொடங்கினால் அவர்கள் இங்கே வருவார்கள். ஓடாவிட்டால் பூட்டிவிட்டு இவன் அங்கே போவான். போனால் எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. போன தடவை போனவன் வரப் பதினெட்டு வருடம் எடுத்தது.

குழை

வியட்நாம் சூப்புக்குப் பக்கத்தில் ஒரு தட்டு வைக்க வேண்டும். புதினா, மல்லி இலை, துளசி மாதிரி ஒன்று, முளைவிட்ட பயறு. எல்லாம் பச்சை. சாப்பிடுகிறவர் கிள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும். இது அன்ரனின் சட்டம்.

நானாட்டானில் இருந்து ஒரு கமக்காரர் குடும்பத்தோடு வந்தார். மகள் சோதனை பாஸ். நான் முதலில் இலைத் தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். சூப் வரப் பத்து நிமிடம் பிந்திவிட்டது. மனிசன் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு காம்பைத் தூக்கி மூக்கில் வைத்து மணந்தார். பிறகு கேட்டார்:

"அண்ணை, குழை வந்திட்டுது. ஆட்டை எப்ப அவிழ்த்துக்கொண்டு வருவியள்?"

சுற்றி வந்தது

அரிசி மாவில் செய்த மெல்லிய தாள் ஒன்று இருக்கிறது. வெளியே நின்று பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியும். அதற்குள் இறாலும் இலையும் வைத்துச் சுருட்டிக் கொடுப்போம். தாளையும் சேர்த்துத்தான் சாப்பிடுவது.

கந்தோர் உத்தியோகத்தர் ஒருவர் மத்தியானம் தனியே வந்தார். நான் அடுத்த மேசைக்குப் போய்த் திரும்புவதற்குள் நாலு சுருளையும் உரித்துவிட்டார். தாளை எல்லாம் கவனமாக மடித்துத் தட்டின் ஓரத்தில் வைத்திருந்தார். இறாலைக் கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அதுவும் சாப்பாடுதான்" என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் உத்தியோகத்தர் அல்லவா, விடவில்லை.

"எவ்வளவோ கடையிலை சாப்பிட்டிருக்கிறன். பார்சல் சுத்திற லஞ்ச் சீற்றையும் சேர்த்துத் தின்னச் சொன்னது நீங்கள்தான்."

நிழல்

கொழும்பில் இருந்து வந்த ஒரு சோடி. சூப்பை வைத்தேன். பெடியன் கதிரையில் ஏறி நின்று படம் எடுத்தான். பெட்டை கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தாள். ஆவி போய்விட்டது. கொழுப்பு மேலே படரத் தொடங்கிவிட்டது. "ஆறுது" என்றேன். இரண்டாம் தரமும் "ஆறுது" என்றேன். அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள், மரியாதையாகத்தான் சொன்னாள்:

"அங்கிள், கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. உங்கட நிழல் சூப்புக்குள்ளை விழுது."

ஹாஜியார் பானை பார்த்தது

முசலிப் பக்கத்து ஹாஜியார் ஒருவர் மனைவி, பிள்ளைகள், சம்பந்தி வீட்டார் என்று ஒன்பது பேருடன் வந்தார். மற்றவர்களை இருக்கவிட்டுத் தான் மட்டும் என்னிடம் வந்தார். "பன்றி?" "இல்லை." "சாராயம், வைன் ஏதும் ஊத்திச் சமைக்கிறதா?" "இல்லை." "பானையைப் பார்க்கலாமா?" குசினிக்குள் ஒருவரும் வரக்கூடாது என்பது அன்ரனின் இன்னொரு சட்டம். நான் கூட்டிக்கொண்டு போனேன். அன்ரன் முறைத்தான். முறைக்கட்டும்.

ஹாஜியார் மூடியைத் திறந்து எலும்பைப் பார்த்தார். எந்த இறைச்சிக் கடை என்று கேட்டார். சொன்னேன். மூடியைப் போட்டார். பிறகு வெளியே போய்க் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"தைரியமாச் சாப்பிடுங்க. எலும்பு நம்மட மருமகன்ட கடை. நாம போனா மட்டும் எலும்பு முடிஞ்சிட்டெண்டு சொல்றவன், இங்க ஒரு பானை நிறையக் குடுத்திருக்கான்."

மணம்

மீன் ஊறவைத்த தண்ணீரை வியட்நாமில் எல்லாவற்றிலும் ஊற்றுவார்கள். நெத்தலியும் உப்பும் மாதக்கணக்கில் கிடந்து வடிவது. அன்ரன் அதைத் தண்ணீர், சீனி, தேசிக்காய்ப்புளி விட்டு நாகரிகமாக்கிச் சின்னக் கிண்ணத்தில் வைப்பான். எங்களுக்கு மீன் கொண்டுவரும் தலைமன்னார்ச் செபமாலை ஒருநாள் ஒன்றும் கலக்காத போத்தலைத் திறந்து மணந்துவிட்டார். நாற்பது வருடம் கடலில் போனவர். இரண்டடி பின்னுக்குப் போனார்.

"எங்கட மீன் வாடியிலை இப்பிடி மணத்தால் சுகாதாரம் பார்க்கிற பி.எச்.ஐ. வந்து பூட்டுவான். நீங்கள் ஏசியைப் போட்டு விக்கிறியள்."

நாலாம் வெள்ளி

சிரித்தது போதும். உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின தவக்காலம் தொடங்கியது. கத்தோலிக்க வேதக்காரர் பாதிப்பேர் நாற்பது நாளும் இறைச்சி தொடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை ஒருவரும் தொடமாட்டார்கள். எங்கள் பெரிய பானையோ மாட்டெலும்பு. மேசைகள் காய்ந்தன. அன்ரன் பேச்சைக் குறைத்தான்.

நாலாம் வெள்ளி பின்னேரம், சிலுவைப்பாதை முடிந்து கோயில் பாடகர் குழு வந்தது. பதினொரு பேர். தலைவி மாகிறட் ரீச்சர், பென்சன் எடுத்தவர். "இறைச்சி போடாத சூப்" என்றார். மேசைகளைச் சேர்த்துப் போட்டேன். அன்ரனின் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம். றீற்றா இறைச்சித் துண்டுகளை விட்டுவிட்டு நூடில்சும் சூப்பும் ஊற்றிக் கொடுத்தாள். அவளும் வேதக்காரிதான். துண்டு இல்லை என்றால் இறைச்சி இல்லை என்று நினைத்தாள். அன்ரனும் அப்படித்தான்.

ரீச்சர் நெற்றியில் சிலுவை போட்டுக் கரண்டியை எடுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "ரீச்சர், துண்டு இல்லை. ஆனால் எலும்பிலை காலமை தொடக்கம் அவிச்ச தண்ணி" என்றேன். கரண்டிகள் நின்றன. ஒரு பெடியன் அதற்குள் அரைக் கோப்பை குடித்துவிட்டான். "வெறும் தண்ணிதானே ரீச்சர்" என்றான். "மாடு குளிச்ச தண்ணியோ? மாடு அவிஞ்ச தண்ணி. வை கரண்டியை!" என்றார் ரீச்சர்.

எழுந்து போனார்கள். பதினொரு கோப்பையையும் நான்தான் திரும்ப எடுத்துக்கொண்டு போனேன். அன்ரன் அடுப்பை நிற்பாட்டினான்.

"அப்பா, ஒரு பத்து நிமிசம் உங்கட வாயை மூடிக்கொண்டு நிண்டிருக்கலாம்."

இடைப்பட்ட நாட்கள்

சனிக்கிழமை அன்ரன் பின்கதவடியில் நின்று போனில் கதைத்தான். தனக்குத் திரும்பிப் போகப் பிளேன் ரிக்கற் பார்க்கச் சொல்கிறான் என்று விளங்கியது. நான் மேசை துடைத்தேன். துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தேன். றீற்றா வெங்காயம் உரித்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்து சொன்னாள்:

"நீங்கள் சொன்னது நல்லது, ஐயா. இல்லாட்டி நான் பதினொரு பேருக்கும் சேர்த்தெல்லோ சுவாமியாரிட்டைப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டி வந்திருக்கும்."

பின்னுக்குச் சாப்பிட்டது

புதன்கிழமை செபமாலை நண்டு கொண்டுவந்தார். மத்தியானம் அன்ரனும் றீற்றாவும் குசினிக்குப் பின்னால் இருந்து ஏதோ சிவப்பாகச் சாப்பிட்டார்கள். நண்டை இடித்து வடித்த சாறு, தக்காளி, புளி, நூடில்ஸ். நானும் ஒரு கோப்பை குடித்தேன். இரண்டாவதும் குடித்தேன். "உதென்ன?" என்றேன். பரிசில் வேலையாட்கள் பின்னுக்கு இருந்து சாப்பிடுவதாம். அசல் வியட்நாம் சூப்பாம். "ஏன் முன்னுக்கு வைக்கேல்லை?" என்றேன். "மன்னார்ச் சனம் நண்டு சாப்பிட ஏசிக்குள்ளை வருமோ?" என்றான். "வெள்ளிக்கிழமைக்கு வை" என்றேன்.

பின்னேரம் மாகிறட் ரீச்சர் வீட்டுப் படலையில் போய் நின்றேன். "நண்டு, தக்காளி, புளி. எலும்பு இல்லை. வாறதெண்டால் வாங்கோ" என்றேன். உள்ளே கூப்பிட்டார். போகவில்லை. ரீச்சர் படலையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"பழைய பானையோ, புதுப் பானையோ?"

ஐந்தாம் வெள்ளி

புதுப் பானைதான். ரீச்சர் வந்தார். பாடகர் குழு முழுக்க வந்தது. அவர்களின் வீட்டு ஆட்களும் வந்தார்கள். கதிரை போதாமல் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினேன். "முன்னுக்குப் போங்கோ, இடம் இருக்கு" என்று பழைய தொழில் வாயில் வந்துவிட்டது. ஹாஜியார் தற்செயலாக வந்து, இடமில்லாமல் கோயில் ஆட்களோடு ஒரே மேசையில் இருந்து நண்டு உறிஞ்சினார்.

வாசலில் ஒரு குடும்பம் தயங்கி நின்றது. போன வெள்ளிக் கதை அவர்களுக்கும் எட்டியிருந்தது. நான் கதவைத் திறந்து பிடித்தேன். ரீச்சர் கரண்டியால் என்னைக் காட்டிக் கூப்பிட்டார்:

"பயமில்லாமல் வாங்கோ. இறைச்சி எண்டால் உந்த மனிசன் வாயிலை வைக்க விடாது."

போன்

அடுத்த நாளும் கடை நிறைந்தது. கடைசி மேசை எழும்பினபின் அன்ரன் போனை என் கையில் தந்தான். மருமகள். சுகம் கேட்டாள். சொன்னேன். சாப்பிட்டீர்களா என்றாள். சொன்னேன். அவ்வளவுதான் என்று வைக்கப் பார்த்தேன். அப்போது கேட்டாள்:

"மாமா, அங்கை பிள்ளையைச் சேர்க்க எந்தப் பள்ளிக்கூடம் நல்லம்? விசாரிச்சு வையுங்கோ, உயிர்த்த ஞாயிறுக்கு முதல் வந்திடுவம்."

உள்ளதைச் சொன்னால் ஒரு வெள்ளிக்கிழமை சனம் எழும்பிப் போகும், அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பி வரும். இந்தத் தொழிலில் மனிசன் சாவது இடையில் கிடக்கும் அந்த ஆறு நாளிலும்தான்.