கடைசி வரிசைக்காரரின் சொந்தக் குரல்

மருந்துக்கடைப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சார், நீங்க அந்த அப்பா நடிகர்தானே?"

"ஆமாம்மா."

அவர் வாய் திறந்ததுமே அவள் முகம் சப்பென்று போய்விட்டது. "இல்ல, அவர் குரல் வேற" என்று மாத்திரைகளை உறையில் போட்டு நீட்டினாள். அவரும் வாதாடவில்லை. முப்பத்தொரு வருஷமாக இதே கதைதான்.

நாடகக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'கடைசி வரிசை'. மைக் இல்லாத கொட்டகையில், கடைசி பெஞ்சில் தூங்குகிறவன்கூட அவர் சத்தத்துக்குத் திடுக்கிட்டு எழுந்து உட்காருவான். இருபது வயதில் தளபதி வேஷம் கட்டியவர், நாற்பதில் சினிமாவுக்குப் போனார். முதல் படத்து ஒலிப்பதிவில் கருவியின் முள் எகிறிப் போய் அப்படியே ஒட்டிக்கொண்டது. "முகம் தங்கம், குரல் தகரம்" என்றார் தயாரிப்பாளர். வேறொருவரைப் பேச வைத்தார்கள். படம் சக்கைப்போடு போட்டது. இவர் முகமும் அவர் குரலும் ஜோடி சேர்ந்துவிட்டன. அப்புறம் பிரித்துப் பார்க்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அப்பா, மாமனார், நீதிபதி, தலைமை ஆசிரியர் என்று நூற்றுப்பத்துப் படங்கள். உதடு இவருடையது, பேச்சு அவருடையது. படம் வெளியானால், தான் என்ன பேசினோம் என்று இவரும் தியேட்டரில் உட்கார்ந்து கேட்டுக்கொள்வார்.

போன வருஷம் அந்தக் குரல்காரர் தொண்டையில் அறுவை செய்துகொண்டு ஓய்ந்துவிட்டார். புதுப் படத்தின் இயக்குநர், மகள் வயதுப் பெண், "நீங்களே பேசிடுங்களேன் சார்" என்றாள். கையோடு ஒரு வாலையும் ஒட்டினாள். "புதன்கிழமை ஒரு காட்சி பேசிப் பார்ப்போம். சரிப்படலைன்னா வியாழக்கிழமை வேற ஆளைக் கூப்பிடணும். கோவிச்சுக்காதீங்க."

அவருக்கு எழுபத்தொரு வயது. இதுவும் நழுவினால், ஒரு படத்தில்கூடத் தன் குரல் இல்லாமலே போய்ச் சேர வேண்டியதுதான். இரண்டு நாள் வெந்நீரும் மௌனமுமாகக் கிடந்தார். "வீடு எவ்வளவு நிம்மதியா இருக்கு!" என்றாள் மனைவி. புதன்கிழமை துணைக்கு அவளும் கிளம்பினாள்.

டப்பிங் அறையில் ஒரு மைக், எதிரே திரை, மூலையில் மனைவிக்கு ஒரு நாற்காலி. இயக்குநரும் ஒலிப்பதிவாளரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். திரையில், பெட்டியோடு கிளம்பும் மகளை அவர் வழியனுப்பிக்கொண்டிருந்தார். ஒரே வரிதான்: "போயிட்டு வாம்மா. கதவை நான் சாத்திக்கிறேன்."

முதல் தடவை கடைசி வரிசைக்கே கேட்டது. ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்துக்கொண்டார். நாலாவது தடவை குரல் தணிந்து, கனிந்து வந்தது. அவருக்கே திருப்தி.

ஒலிபெருக்கியில் இயக்குநர் தயங்கினாள். "அருமையா இருக்கு சார். ஆனா இது அவர் குரல்."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. முப்பத்தொரு வருஷம் கேட்டுக் கேட்டு, தொண்டை சொல்லாமல் கொள்ளாமல் அதைப் பழகி வைத்திருக்கிறது. அதற்கப்புறம் பேசியதெல்லாம் இரண்டில் ஒன்று: மேடை, இல்லாவிட்டால் அந்த மனிதர். பத்தாவது தடவையோடு ஓய்ந்துபோய் மனைவி பக்கம் திரும்பினார். அவள் பிடரியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏசி நேரா உன் கழுத்துலதான் அடிக்குது. இப்படி நகர்ந்து உட்காரு. அப்புறம் நாலு நாளைக்கு வலிக்குதும்ப."

"சார், ஒரு நிமிஷம்" என்றார் ஒலிப்பதிவாளர். மைக்கை அவர் நிறுத்தியிருக்கவில்லை. பதிவானதைப் போட்டுக் காட்டினார்.

நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டவர், "யாருங்க இது?" என்றார்.

"யாரா?" என்றாள் மனைவி. "நாப்பத்தாறு வருஷமா எனக்குப் புருஷனா இருக்கிறவர். வீட்டுல இப்படித்தான் முணுமுணுப்பார்."

"இவ்வளவு சின்னதாவா பேசறேன்?"

"எனக்குக் கேட்குதில்ல? போதாதா?"

இன்னொரு தடவை போடச் சொன்னார். ஓரம் கொஞ்சம் கரகரப்பு, நடுவில் ஒரு மூச்சிரைப்பு. முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும் நல்ல மனுஷனாகத்தான் பட்டது. போய் மனைவியின் நாற்காலியைத் திரைக்குக் கீழே இழுத்துப் போட்டார். மைக் முன்னால் திரும்பி வந்து, அவளைப் பார்த்தபடியே சொன்னார்.

"போயிட்டு வாம்மா. கதவை நான் சாத்திக்கிறேன்."

திரையில் உதடு மூடியதும் இவர் உதடும் மூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் யாரிடமோ சொல்வது ஒலிபெருக்கியில் கேட்டது. "நாளைக்கு யாரையும் கூப்பிட வேண்டாம்."

கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார் அவர்.

"எல்லாம் சரி" என்றாள் மனைவி மைக்கைப் பார்த்து. "அந்த ஏசியை யாராவது குறைச்சீங்களா?"