சின்ன கேசட்டுக்குக் குரல் கொடுத்தவள்

ஒரகடத்தில் இன்றைக்கு இரண்டு கம்பெனிகளுக்கு மூன்று ஷிப்டும் சோறு போடுகிறவள் நான். படித்தது அஞ்சாவதுதான். ஆனால் என் கையில் ஒரு மைக்கைக் கொடுத்துப் பாருங்கள், எந்த மேனேஜரும் எனக்கு முன்னால் பேச மாட்டான். அந்தத் திறமை ஒன்பது வயதிலேயே வந்துவிட்டது, மண்ணூரில், என் தாய்மாமனின் பீட்டா டெக்கு முன்னால்.

பீட்டா என்றால் சின்ன வீடியோ கேசட்டு; அதைப் போட்டு டிவியில் படம் காட்டுகிற மெஷின்தான் டெக்கு. காதுகுத்து, கல்யாணம் எதுவானாலும் மாமாவின் டெக்கும் கலர் டிவியும்தான் வாடகைக்குப் போகும். இரண்டு வருஷம் ராஜா மாதிரி இருந்தார். பிறகு பெரிய கேசட்டு வந்தது. புதுப்படம் எல்லாம் அதில்தான்; அது மாமாவின் டெக்கில் நுழையாது. மாமா அசையவில்லை. "எருமைகூடத்தான் பெருசு. அதுக்காகக் கூடத்துல கொண்டாந்து உட்கார வெச்சுப் பார்ப்பியா?" என்பார். வாடகைக்கு ஆள் வரவில்லை. மிச்சமிருந்த ஒரே நல்ல படத்தை நாங்களே தேயத்தேயப் பார்த்தோம்.

அப்போதுதான் மாமாவுக்குப் பெண் கொடுக்க மறைமலை நகரிலிருந்து பெண் வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் பெண் வீட்டாருக்குச் சம்மதம் என்றால்தான் கை நனைப்பார்கள், அதாவது சாப்பிடுவார்கள். அதற்கு முன் இரண்டு வீட்டார் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போயிருந்தார்கள். இந்த முறை அசத்திவிட வேண்டும் என்று மாமா படத்தைப் போட்டார். பத்தே நிமிஷம், சத்தம் நின்றுவிட்டது. படம் மட்டும் வாயை அசைத்துக்கொண்டிருந்தது. மாமா டிவியின் தலையில் தட்டினார், தடவினார். முகம் கறுத்துவிட்டது. பெண்ணின் அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

நான் எழுந்து டிவி பக்கத்தில் நின்றேன். அத்தனை வசனமும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். கதாநாயகனும் நான், வில்லனும் நான், அழுகிற அம்மாவும் நான். மழையும் குதிரையும்கூட நான்தான். மூச்சு வாங்க நின்றபோது வில்லன் வாயைத் திறந்தபடி எனக்காகக் காத்திருந்தான். கூடம் குலுங்கியது.

"இன்னா மாப்ள, இந்தக் குட்டிக்கு இன்னா வாடகை?" என்று பெண்ணின் அப்பா இருமி இருமிச் சிரித்தார். படம் முடிந்ததும் என் அம்மாவிடம், "பசிக்குதும்மா, எலையப் போடு" என்றார். மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார்.

கல்யாணம் முடிந்து புது அத்தை வண்டியில் வந்து இறங்கினார். மடியில் துண்டு சுற்றிய பெரிய கேசட்டு டெக்கு.

"இது எதுக்கு? எங்க மாமாகிட்டதான் டெக்கு கீதே!" என்று நான் பாய்ந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். மாமாதான் அதிகம் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. மூன்று நாள் நான் அத்தையோடு பேசவில்லை. சத்தம் ஒழுங்காக வருகிற மெஷினுக்கு என் தயவு எதற்கு?

அவர்கள் வீட்டில் வெகுநாளாகப் பெரிய கேசட்டுதான் ஓடிக்கொண்டிருந்ததாம். மாமாவின் டெக்கைப் பார்த்த முதல் நிமிஷமே தொழில் படுத்துவிட்டது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் கடைசிவரை உட்கார்ந்து, கைதட்டி, சோற்றையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். எனக்கு அதெல்லாம் எங்கே புரிந்தது? என் குரலில் மயங்கித்தான் பெண் கொடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.