பெல்ட் அடித்த தலை

1. இன்ஜினை நிறுத்தாதே

ஓடுகிற பெல்ட் அறுந்தால் வெடி வெடித்த மாதிரி சத்தம் கேட்கும். தோல் பதனிடும் ஆம்பூர் டேனரியில் நான் ஆயில் இன்ஜின் டிரைவராக இருந்தபோது அந்தச் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். டிரம் ஓட்டும் முனிசாமி அதன் பக்கத்தில் குப்புறக் கிடந்தான். கையில் மூங்கில் கழி இருந்தது. காதுக்கு மேலே மண்டை பிளந்திருந்தது.

இது எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். தோல்களைப் போட்டு உருட்டும் பெரிய மர டிரம்முக்கு, மேலே ஓடும் ஷாஃப்ட் தண்டிலிருந்து பெல்ட் இறங்கும். டிரம்மில் இரண்டு புல்லிச் சக்கரம் உண்டு. ஒன்று சும்மா சுற்றும், மற்றது டிரம்மைச் சுற்றவைக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான் பெல்ட்டை இதிலிருந்து அதற்கு மாற்ற வேண்டும். ஆனால் அந்தக் காலத்து இன்ஜினை நிறுத்தினால் மறுபடி அதன் தலையை விளக்கு வைத்துச் சுடவைத்துத்தான் கிளப்ப முடியும். அதற்கு நேரமாகும். அதனால் எங்கள் மேனேஜர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். காலையில் கிளப்பிய இன்ஜின் சாயங்காலம்வரை நிற்கவே கூடாது. பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூங்கில் கழியால் தள்ளி மாற்ற வேண்டும். அந்தப் பெல்ட்டின் இணைப்பில் இருந்த இரும்பு கிளிப்தான் பிய்த்துக்கொண்டு வந்து முனிசாமியின் தலையில் அடித்தது.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போனோம். பிழைத்துக்கொண்டான். டேனரிக்கு வெளியே மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? "கள்ளு குடிச்சிட்டு வந்து நின்னான், விழுந்துட்டான்" என்றார். முனிசாமி கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். அது மேனேஜருக்கும் நன்றாகத் தெரியும்.

2. தோலில் மாடு

திரும்பி வந்த முனிசாமி பழைய முனிசாமி இல்லை. டிரம் சுற்றுவதைப் பார்த்தால் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். குழாயடியில் வாளி வைத்துவிட்டு விழுகிற தண்ணீரையே முறைத்துக்கொண்டு நிற்பான்.

"இன்னாடா பாக்கற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தண்ணி கோடா வரல பாய். துண்டு துண்டா வருது. எல்லாத்துக்கும் ஓரம் தெரியுது. உங்க தாடியில ஒவ்வொரு மயிரும் தனித்தனியா நிக்குது. பேஜாரா கீது பாய்."

டிரம் வேலைக்கு ஆகமாட்டான் என்று பட்டைக் குழிப் பக்கம் போட்டார்கள். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிய தோலை எடுத்து அடுக்கும் வேலை. அங்கே ஒரு கண்டிப்பு உண்டு. இரும்பு கிட்டேயே வரக்கூடாது. பட்டைத் தண்ணீர் ஊறிய தோலில் இரும்பு பட்டால் அந்த இடம் மை கொட்டிய மாதிரி கறுத்துப்போகும், எதைப் போட்டுக் கழுவினாலும் போகாது. வாளிகூட மரத்தில்தான் இருக்கும். அந்த இடத்தில் இவன் எங்கிருந்தோ துருப்பிடித்த ஆணி ஒன்றைக் கொண்டுவந்து, ஈரத் தோல்மேல் படம் போட்டுவிட்டான்.

வாசலில் பட்டை வண்டி மாடு ஒன்று நின்றுகொண்டிருந்தது. அந்த மாடுதான் தோலில் நின்றது. நெற்றிச் சுழி, மூக்கணாங்கயிற்றின் முடிச்சு, முட்டியில் காய்த்துப்போன தழும்பு, ஒன்றையும் விடவில்லை. அதற்கு முன் முனிசாமி ஒரு கோடு கிழித்துப் பார்த்தவர் எங்களில் யாரும் இல்லை. கைநாட்டு வைக்கிறவன் அவன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மேனேஜர் ஓடிவந்து அவனை அறைந்தார். "முதல்தர தோல நாசம் பண்ணிட்டியேடா! இன்னியோட உனக்கு வேலை இல்ல, போடா!"

கன்னியம்மா, முனிசாமியின் மனைவி, அதே டேனரியில் பட்டை இடிக்கிறவள். ஓடிவந்து மேனேஜர் காலில் விழுந்தாள். அவருடைய மனது இளகவில்லை. அந்த நேரம் பார்த்து மெட்ராஸிலிருந்து தோல் வாங்கும் துரை வந்தார். மாட்டைப் பார்த்தார், சுற்றிச் சுற்றிப் பார்த்தார், அந்தத் தோலைத் தனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவ்வளவுதான். அறைந்த கையே முனிசாமியின் முதுகைத் தட்டிக்கொடுத்தது. ஆபீஸ் வாசலில் அவனுக்கு ஒரு முக்காலி போட்டார்கள்.

3. வரமாம், வரம்!

அதன்பிறகு நடந்த கூத்தை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். வருகிற போகிற பெரிய மனிதர்களுக்கெல்லாம் முனிசாமி காட்சிப்பொருள் ஆனான். மேனேஜர் அவன் தலைத் தழும்பை விரலால் தொட்டுக் காட்டுவார். "இங்கதான் சார் அடி பட்டுச்சு. ஒரே அடி, உள்ள இருந்த வித்தை வெளிய வந்துடுச்சு" என்பார். அவர்களும் வாயைப் பிளப்பார்கள். சிங்கம் போடு, மயில் போடு என்பார்கள்.

"பாக்காதத எப்பிடி சாமி போடறது?" என்பான் அவன். கண் முன்னால் இருப்பதை மட்டும்தான் அவனால் போட முடியும். போட்டு முடித்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பான். அதை எந்தப் பெரிய மனிதரும் நின்று பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் நானே கேட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்னார். "மூளையில் ஒரு இடம் கெட்டால் இன்னொரு இடம் முழித்துக்கொள்வது உண்டு. ரொம்ப அபூர்வம். ஏன் என்று எங்களுக்கே தெரியாது. அவருக்கு ஓய்வு கொடுங்கள், வெளிச்சத்தில் உட்காரவைக்காதீர்கள்."

கன்னியம்மா இதை மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். "படம் போட்டா தலை வெடிக்குதுன்றாரு சாமி. கொஞ்ச நாளு வூட்ல இருக்கட்டும்."

"அடி பட்டதாலதானேம்மா இந்த வித்தை வந்துச்சு? சந்தோஷப்படாம அழுவறியே" என்றார் அவர்.

முனிசாமி அவளையும் ஒருநாள் படமாகப் போட்டிருந்தான். மூக்குத்தியின் ஓரத்து நெளிசல்வரை அப்படியே இருந்தது. நன்றாக இருக்கிறது என்றேன் அவளிடம்.

"படத்துல கீறது நான்தான் பாய். ஆனா முன்னெல்லாம் என்னப் பாத்தா சிரிப்பாரு. இப்ப கோட்டப் பாக்கற மாதிரி பாக்கறாரு" என்று சொல்லிவிட்டு உலக்கையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கே மேனேஜரிடம் போனேன். பெல்ட் இறங்கும் இடத்துக்கு மரத்தில் ஒரு மூடி போடுங்கள், மாற்றும்போது இன்ஜினை நிறுத்த விடுங்கள் என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

"இன்னா காதர், அடியே ஆசீர்வாதமாப் போச்சு. அதுக்குப் போய் வேலி கட்டச் சொல்றியே?"

4. தஸ்தகீர்

மூங்கில் கழி முனிசாமியின் கையிலிருந்து தஸ்தகீர் கைக்குப் போயிருந்தது. புதிதாக நிக்காஹ் ஆனவன். வேலை செய்துகொண்டே பாடுவான், இன்ஜின் ரூம்வரை கேட்கும். அதே பெல்ட் அவனையும் அடித்தது.

அவனும் பிழைத்தான். ஆனால் பேச்சு போய்விட்டது. வலது கை தொங்கிவிட்டது. அவன் அண்ணன் அவனைக் கைத்தாங்கலாக டேனரிக்குக் கூட்டிவந்தான், ஏதாவது சின்ன வேலை கொடுங்கள் என்று கேட்க. மேனேஜர் என்ன செய்தார் என்பதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஒரு ஈரத் தோலைக் கொண்டுவரச் சொன்னார். ஆணியை எடுத்து தஸ்தகீரின் இடது கையில் வைத்தார்.

"போடுடா, பாக்கலாம். உனக்கு இன்னா வந்துகீதுன்னு பாக்கலாம்."

எல்லாரும் சுற்றி நின்றோம். தஸ்தகீர் ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் அதை வாயில் போட்டுக்கொண்டான்.

முக்காலியில் இருந்த முனிசாமிதான் முதலில் எழுந்தான். தஸ்தகீரின் வாய்க்குள் விரலை விட்டு ஆணியை எடுத்து வீசினான். பிறகு மேனேஜரைப் பார்த்துச் சொன்னான்: "இனிமே நான் போடமாட்டேன் சாமி. வேலை கொடுத்தா கொடுங்க, இல்லன்னா போறேன்."

நான் இன்ஜின் ரூமுக்குப் போய் எண்ணெய்க் குழாயை மூடினேன். வேலை நேரத்தில் அந்த டேனரி அமைதியானது அன்றுதான். மேனேஜர் கத்திக்கொண்டே வந்தார். "எவன்டா நிறுத்தினவன்?"

"நான்தான் நிறுத்தினேன். மூடி போட்டாதான் கிளப்புவேன். வேற டிரைவர் கூப்பிட்டுக்கறதா இருந்தா கூப்பிட்டுக்குங்க."

எனக்குப் பின்னால் பட்டை இடிக்கிற பெண்கள் உலக்கையோடு வந்து நின்றார்கள். அவர்களில் கன்னியம்மா முன்னால் நின்றாள். மயிர் போகத் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழி ஆட்களும் குழியைவிட்டு ஏறி வந்தார்கள். குழியில் தோல் அதிக நேரம் கிடந்தால் வெந்துபோகும் என்பது மேனேஜருக்குத் தெரியும். மனிதன் தலைக்கு இளகாதவர் தோலுக்கு இளகினார். ஆசாரியைக் கூப்பிடச் சொன்னார்.

ஆசாரி வந்து அளவெடுத்தார். சாமான் வந்த பெட்டியின் பலகைகளைப் பிரித்து அறுத்தார். கழி நுழைய ஒரு சந்து மட்டும் விட்டு, பெல்ட் இறங்கும் இடத்தை மூடி அடித்தார். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவ்ளோதானா பாய்?"

இவ்வளவுதான். மிச்சப் பலகையில் பெஞ்சு செய்யலாம் என்று எடுத்துக்கொண்டு போனார்.

மூளை அடிபட்டால் வித்தை வரும் என்று இப்போதும் யாராவது அதிசயமாகப் பேசினால் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. முனிசாமிக்கு வந்தது உண்மை, நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் அதைச் சொல்கிறவர்கள் தஸ்தகீரைச் சொல்வதில்லை. வேலைக்கு வருகிற பிள்ளைகளே, பெல்ட்டுக்கு மூடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் இன்ஜினைக் கிளப்பாதீர்கள்.