சரோஜா அக்காவின் நாலரைக் கட்டை

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கோயில் ஆண்டு மலருக்கு "நல்லதா நாலு வரி" எழுதித் தரும்படி செயலாளர் ஐயா கேட்டார். பள்ளியில் தமிழ்க் கட்டுரைக்கு நல்ல புள்ளிகள் வாங்குகிறேன் என்பதால் என்னிடம் கேட்டார். நல்லதை மட்டும் எழுதினால் அது சரோஜா அக்காவைப் பற்றியதாக இருக்காது. அவரை அறிந்த உங்களுக்கு இது தெரியும்.

செய்தி வந்தபோது அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக் கமலம் அத்தை வேலியோரம் நின்று, "தொழிற்சாலை பஸ் சிம்பாங் பூலாய்கிட்ட பொரண்டுடுச்சாம். நம்ம சரோஜா போயிட்டாளாம்" என்றார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

அக்கா பிறந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது அவர்கள் குடும்பமும் எங்களைப் போலவே ஈப்போவுக்கு வந்தது. வாரம் முழுதும் தையல் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைப்பார். ஞாயிறு மாலை கோயில் மண்டபத்தில் பெண்களுக்குப் பாட்டு வகுப்பு. வந்தவர்கள் எல்லாரும் எங்கள் அம்மாமார்கள். "எனக்கெல்லாம் பாட வராது" என்று சொல்லிக்கொண்டேதான் வந்தார்கள். நான் அம்மாவுக்குத் துணையாகப் போய், தூணோரம் உட்கார்ந்து படிப்பேன். இரண்டாவது வாரத்திலிருந்து புத்தகத்தை எடுத்துப் போகவில்லை.

முதல் நாள் அக்கா வார்த்தையே சொல்லிக்கொடுக்கவில்லை. வாயை மூடச் சொல்லி, பிள்ளைகளைத் தூங்கவைத்த தாலாட்டை முனகச் சொன்னார். எல்லாரும் முனகினார்கள். "இப்ப வார்த்தை எங்க? இல்ல. ஆனா என்ன பாட்டுன்னு தெரியுதா? தெரியுது. வார்த்தைய எடுத்துட்டா மிஞ்சுதே, அதான் மெட்டு" என்றார். அடுத்து, மெட்டு ஏறும்போது கையை உயர்த்தவும் இறங்கும்போது தாழ்த்தவும் சொன்னார். கமலம் அத்தையின் கை எல்லாருக்கும் பிந்தியே ஏறியது. "என் கை தூங்கிடுச்சு லா. தாலாட்டுதானே" என்றார் அத்தை. அன்று அம்மா சிரித்ததுபோல் வீட்டில் சிரித்து நான் பார்த்ததில்லை.

இன்னொரு ஞாயிறு, அக்கா ஒரு பாட்டைக் கடைசி சுரத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு, "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். இல்லை என்று எல்லாரும் தலையாட்டினார்கள். "யாரு சொன்னா இல்லன்னு? ஒங்க காதுதான் சொல்லுச்சு. எங்க சுத்தினாலும் வந்து சேர ஒரு எடம் இருக்கு. அத மொதல்ல பிடிச்சிக்குங்க." அதன்பின் பாட வராது என்று யாரும் சொல்லவில்லை.

நவராத்திரியில் ஒருநாள் பாட அம்மாமார்களுக்கு இடம் கிடைத்தது. ஆர்மோனியம் வாசிப்பவர் தங்கையா மாமா. அவர் எந்தப் பாட்டையும் ஆறு கட்டைச் சுருதியில்தான் வாசிப்பார். ஒத்திகையில் மேலே போகவேண்டிய இடத்தில் அம்மாமார்களின் குரல் உடைந்தது.

"மாமா, நாலரைக்கு எறக்கிப் போடுங்க. இவங்களுக்கு எட்டல" என்றார் அக்கா.

"பாட்டு ஆறுலதான் இருக்கு. எறக்கினா பாட்டே மாறிடும்."

"மாறாது மாமா. ஏற எறக்கம் அதேதானே. மாடியில ஆக்கினாலும் கீழ ஆக்கினாலும் கறி அதே கறிதான் லா."

பெண்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. இருபது வருஷமாக வாசிக்கிறேன் என்றார். செயலாளர் ஐயாவும், "பெரியவர் சொன்னா கேட்டுக்கணும். உச்சத்துல பாடினாத்தான் அது பாட்டு" என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது அக்கா என்னிடம் மட்டும் சொன்னார்: "அவரு வெரலுக்கு அந்த ஒரு வழிதான் தெரியும். வேற கட்டையில வாசிக்க வராது. நீ அத சபையில சொல்லிடாத, பாவம்." நான் சொல்லவில்லை. எழுதாதே என்று அக்கா சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நவராத்திரி அன்று என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஆறு கட்டையில் தொடங்கினார்கள். மேலே போகும் இடத்தில் குரல்கள் கிறீச்சிட்டு நின்றன. முன்வரிசையில் சிரித்தார்கள். "தோட்டத்துத் தொண்டை, அவ்வளவுதான்" என்று செயலாளர் ஐயா ஒலிபெருக்கி அருகிலேயே சொன்னார். அடுத்த ஞாயிறு மண்டபம் பூட்டியிருந்தது. அக்கா மூன்று முறை போய்க் கேட்டார். மண்டபத்துக்கு வேறு வேலை இருப்பதாக ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. கடைசி முறை திரும்பி வந்து, எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து, "பாட வராதுன்னு மறுபடியும் நெனச்சிக்குவாங்களே" என்றார். தீபாவளி முடிந்து சில வாரங்களில் பஸ் புரண்டது.

அஞ்சலிக் கூட்டத்தில் அவர் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். "இந்தக் குரலை வளர்த்தது நம் ஆலயம்" என்றார் செயலாளர் ஐயா. பிறகு பெண்களைப் பாடச் சொன்னார். தங்கையா மாமா ஆர்மோனியப் பெட்டியைத் திறந்து, வழக்கமான இடத்தில் விரலை வைத்தார்.

அம்மா எழுந்தார். சபையில் அவர் பேசி நான் பார்த்ததில்லை. "அண்ணே, பெட்டி வேணாம். நாங்களே பாடிக்கிறோம்" என்றார்.

நவராத்திரியில் பாடிய பாட்டையே தாழத் தொடங்கினார்கள். மேலே போகும் இடம் வந்தது. குரல் உடையவில்லை. கமலம் அத்தையின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, ஆனால் சுரம் பிசகவில்லை. கடைசிவரை அதே பாட்டுதான். மாமா குனிந்து பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் நான் செயலாளர் ஐயாவிடம் போய், இனி ஞாயிற்றுக்கிழமை மண்டபம் கிடைக்குமா என்று கேட்டேன்.

"சொல்லிக்கொடுக்கிற பொண்ணே போயிருச்சே. இனி எதுக்கும்மா வகுப்பு?" என்றார்.

இத்தனை பேர் அவரிடம் கற்றுக்கொண்டார்கள் என்றேன். நேரமாகிவிட்டது என்றார் ஐயா.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். எட்டவில்லை என்று யாராவது சிரித்தால், பாடுகிறவரின் தொண்டையைப் பார்க்கமாட்டேன். கட்டையை வைத்தது யார் என்று பார்ப்பேன். அக்காவுக்கு இருந்த இரக்கம் மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை.

அம்மாமார்கள் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இறங்கி முடிப்பதற்குள் மண்டபத்தின் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.