மொட்டைக்காரின் பிரேக்

சம்மாட்டியார் கிளினிக் வாசலில் வந்து நின்றது இன்றும் கண்ணுக்குள் இருக்கிறது. நின்றார் என்று சொல்லக்கூடாது; ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தார். "மிஸி, ஒரு போத்தல் ஆமணக்கெண்ணெய் தாங்கோ. அரைப் போத்தல் ஸ்பிரிட்டும் வேணும்." யாருக்கு வயிறு சரியில்லை என்று கேட்டேன். "காருக்கு" என்றார்.

முல்லைத்தீவுக் கரையில் வலையும் வள்ளமும் வைத்துத் தொழில் நடத்தியவர் அவர். நான் அங்கே பிரசவம் பார்க்கும் உத்தியோகத்தில் இருந்தேன். பழைய கார் ஒன்றின் உடம்பை வெட்டி எறிந்துவிட்டு, அகலச் சில்லுப் பூட்டி, மணலில் மீன் ஏற்றப் பழக்கியிருந்தார். மண்ணெண்ணெயில் ஓடும் அந்த மொட்டைக்காரின் பிரேக் மூடிய சட்டி மாதிரி. கடலோரம் தேங்கி நிற்கும் களப்பைக் கடந்தால் உப்புத்தண்ணீரும் மணலும் உள்ளே தங்கிவிடும். பிறகு எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. முந்தைய வருடம் அவருடைய மகளுக்கு வலி கண்டபோது, நிறுத்த முடியாத வண்டியை வேகமாக விடப் பயந்து, தண்ணீரூற்றுக் கிராமத்தையும் தாண்டி ஆஸ்பத்திரி வரை முதல் கியரிலேயே ஊர்ந்தார். பின்னால் மகளோடு நான் இருந்தேன். நடந்து போனவர்கள் எங்களை முந்தினார்கள். போய்ச் சேர்ந்தபோது குழந்தை உயிரோடு இல்லை.

இப்போது மகளுக்கு மறுபடியும் எட்டு மாதம். இடம்பெயர்ந்து வந்த குடும்பம் ஒன்று பெற்றோல் இல்லாமல் மரத்தடியில் விட்டிருந்த காரின் டிஸ்க் பிரேக்கைக் கேட்டு வாங்கி, முன்சில்லுகளில் பூட்டிக்கொண்டிருந்தார். திறந்த இரும்புத் தட்டு அது. தண்ணீர் பட்டாலும் சுழலும்போது சிதறிப்போய்விடும். துளைகள் பொருந்தவில்லை. அராவினார், துளைத்தார், கழற்றினார், மீண்டும் பூட்டினார். ஆனால் போரும் பொருளாதாரத் தடையுமாக இருந்த அந்தக் காலத்தில் பிரேக் ஒயிலுக்கு எங்கே போவது? ஆமணக்கெண்ணெயில் ஸ்பிரிட்டைக் கலந்தால் சரிவரும் என்று ஒரு லொறிச் சாரதி சொல்லியிருக்கிறார். என்னிடம் இருந்ததோ ஒரே ஒரு போத்தல் ஸ்பிரிட். அதுவும் பிறக்கும் பிள்ளைகளின் தொப்புளுக்கு வைத்திருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"விசரே உங்களுக்கு? கெதியாப் போக வேணுமெண்டா எஞ்சினைத் திருத்துங்கோவன்."

"நிப்பாட்டலாம் எண்டு தெரிஞ்சாத்தானே மிஸி, கெதியா ஓடத் துணிவு வரும்? போனமுறையும் எஞ்சின் நல்லாத்தான் இருந்தது."

ஆமணக்கெண்ணெய்ப் போத்தலை எடுத்து வைத்தேன். ஸ்பிரிட்டில் பாதியை ஊற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. மிச்சத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு, இல்லாமல் போகும் நாளை நினைத்துப் பயந்தபடி திரிந்தேன்.

வலி கண்டது ஒரு நண்பகலில். களப்பைக் கடந்து தார் ரோட்டில் ஏறியதும் அவர் விட்ட வேகத்தில், மகளைப் பிடிப்பதா என்னைப் பிடிப்பதா என்று தெரியவில்லை. மாடுகள் குறுக்கே வந்தன. மிதித்தார். வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. ஒரு மாடு சாவகாசமாகத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் காதில் விழுத்தாமல் மறுபடியும் விட்டார்.

பெண் குழந்தை. வீறிட்டு அழுதது. இன்று டிஸ்க் பிரேக் இல்லாத காரே இல்லை. ஏறுகிறோம், இறங்குகிறோம், யாரும் அதை நினைப்பதில்லை. அன்று செய்தி சொல்ல நான் ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடிவந்தபோது, எங்களை இறக்கிவிட்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகியிருந்தது. எஞ்சின் எப்போதோ அணைந்திருந்தது. சம்மாட்டியார் இருந்த இடத்திலேயே இருந்தார். வலது கால் இன்னும் பிரேக்கை மிதித்தபடியே இருந்தது.

"பொம்பிளைப்பிள்ளை. ரெண்டு பேரும் சுகம். காலை எடுங்கோ."

"ஓம் மிஸி" என்றார். எடுக்கவில்லை. "ஏலாமக் கிடக்கு. நீங்களே ஒருக்கா எடுத்து விடுங்கோ."

நான் குனிந்து, இரண்டு கைகளாலும் அவருடைய காலைத் தூக்கி எடுத்தேன்.